பிரியாமலும் பணியாமலும் இருப்பது எப்படி: குடும்பத்துக்குள் தன் முடிவைப் பேசத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சம்பாதிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், வேலை மாறுவது, வரன் பார்ப்பது, வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடுவது, பிள்ளைக்கு எந்தக் கோயிலில் மொட்டை அடிப்பது என்று எந்த முடிவானாலும் அது அம்மாவின் கண்ணீரையோ அப்பாவின் மௌனத்தையோ மாமியாரின் முகவாட்டத்தையோ தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. இப்படிப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டே வகைதான்: பெரியவர்கள் "அனுசரிச்சுப் போ" என்பார்கள், நண்பர்கள் "தூக்கிப் போட்டுட்டு வா" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு; அது கடினமானது, ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியது.

அந்த வழியைத் தெளிவாக வகுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் (1913–1990). 1954 முதல் 1959 வரை அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றியபோது, மனச்சிதைவு நோயாளிகளை அவர்களுடைய குடும்பத்தாரோடு சேர்த்தே வார்டில் தங்கவைத்துக் கவனித்தவர் அவர். ஒருவரின் பதற்றம் மற்றவரைத் தொற்றும்போது, தொற்றியவர் தன் கருத்தை இழந்துவிடுகிறார் அல்லது உறவை விட்டே ஓடுகிறார் என்பதை அவர் பல குடும்பங்களில் பார்த்தார். உறவுக்குள் இருந்துகொண்டே தன் கருத்தோடு இருக்கும் திறன் எல்லோரிடமும் ஓரளவு இருக்கிறது, முயன்றால் அதைச் சிறிது கூட்டிக்கொள்ளவும் முடியும் என்பது அவருடைய முடிவு. கீழே வரும் படிகள் அந்தச் சிந்தனையைப் பின்பற்றியவை. எடுத்துக்காட்டுகள் நம் வீடுகளிலிருந்து எடுத்தவை.

தொடங்குவதற்கு முன்: பாதுகாப்பு

"முடியாது" என்று சொன்னால் அடி விழும், போன் பறிபோகும், அறையில் பூட்டிவைப்பார்கள், சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்தப் படிகளைக் கையாளக் கூடாது. உங்களுக்கு முதலில் வேண்டியது வெளி உதவி. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல்ரீதியான கொடுமையை மட்டும் பேசவில்லை. சொல்லாலும் உணர்வாலும் செய்யப்படும் கொடுமையையும் பணத்தை முடக்குவதையும் அது வன்முறை என்றே கணக்கிடுகிறது. மனைவிக்கு மட்டுமின்றி, ஒரே வீட்டில் வாழும் மகள், சகோதரி, தாய் ஆகியோருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வேற்றுச் சாதியில் துணையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெளிப்பார்வைக்குச் சாந்தமாகத் தெரிந்த குடும்பங்களிலிருந்தும் தமிழ்நாட்டில் கொலைகள் நடந்திருக்கின்றன. "நாங்க சமாதானமாயிட்டோம், வீட்டுக்கு வா" என்று அழைப்பு வந்தாலும் தனியாகப் போகாதீர்கள். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இத்தகைய இணையர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது. அடுக்களையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசிப் புரியவைப்பதற்கு முன், அந்தப் பிரிவுக்கோ ஒரு வழக்கறிஞருக்கோ எழுத்தில் தகவல் கொடுத்துவைப்பது நல்லது.

இந்த ஆபத்துகள் இல்லாமல், அழுகை, கோபம், பேசாமலிருத்தல், சொல்லிக்காட்டுதல் என்ற அளவில் மட்டும் உங்கள் சிக்கல் இருந்தால், மேலே படிக்கலாம்.

எங்கே வழுக்குகிறீர்கள் என்று பாருங்கள்

முதல் இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு முறை மனம் சுருங்கும்போதும் நான்கைந்து வரி எழுதிவைத்தால் போதும். அது இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், ராத்திரி 9. அம்மா போன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே வரச் சொன்னாங்க. லீவு கேக்க எனக்கு இஷ்டமில்ல. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்துச்சு. 'சரிம்மா, பாக்கலாம்'னேன். போனை வச்சதும் தங்கச்சி மேல எரிஞ்சு விழுந்தேன்."

இந்தச் சிறு குறிப்பில் நாம் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கருத்து மறைவதற்கு முன்பே உடல் எச்சரித்துவிட்டது: நெஞ்சு அடைத்தது. சிலருக்கு வயிறு பிசையும், சிலருக்குக் கை சில்லிடும், சிலருக்குக் குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிடும். அடுத்து வந்த "பாக்கலாம்" என்ற பதில், நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த தப்பிக்கும் வாசல். சொன்னவர் அதை மறுப்பாக நினைத்துச் சொல்கிறார், கேட்டவர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார், பத்து நாள் கழித்து "நீதானே வரேன்னு சொன்ன" என்று சண்டை வரும்போது இருவரும் தம் தம் வகையில் உண்மையைத்தான் பேசுகிறார்கள். கடைசியாக, அம்மாவிடம் காட்டாத எரிச்சல் தங்கையின் மேல் இறங்கியது. விழுங்கிய சொல் வயிற்றோடு போவதில்லை. வீட்டில் யார் எளியவரோ அவர்மேல்தான் போய் விழும்.

இரண்டு வாரம் எழுதினால், அம்மா எதைச் சொன்னாலும் நீங்கள் வழுக்குவதில்லை, குறிப்பிட்ட சில பேச்சில்தான் வழுக்குகிறீர்கள் என்பது தெரியவரும். ஒருவருக்கு "நான் இன்னும் எத்தனை நாளுக்கு?" என்ற பேச்சு, இன்னொருவருக்கு அண்ணனோடு ஒப்பிடும் பேச்சு, வேறொருவருக்கு, பேச்சே இல்லாமல் பாத்திரத்தைச் சத்தமாக வைக்கும் ஓசை. உங்களுடையது எதுவென்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இந்தப் படியின் பயன்.

அது யாருடைய முடிவு?

அடுத்து, உரசல் வரும் விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் யாரை மணப்பது, எந்த வேலை பார்ப்பது, உங்கள் உடலுக்கு என்ன சிகிச்சை என்பவை உங்கள் முடிவு. அம்மா எவ்வளவு வருத்தப்படுவது, அப்பா எந்த உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போவது, மாமியார் தம் அடுக்களையில் வெங்காயம் சேர்ப்பதா வேண்டாமா என்பவை அவர்களுடைய முடிவு. கூட்டுக் குடித்தனத்தில் வாடகை, பிள்ளை வளர்ப்பு, முதியவர்களின் மருத்துவச் செலவு ஆகியவை இருவருக்கும் பொதுவானவை. அவற்றில் "என் முடிவு" என்று பேசுவது நியாயமும் இல்லை, பலிக்கவும் செய்யாது. அம்மாவின் வருத்தம் அம்மாவுடையது என்ற வரிசையைத்தான் நம்மவர்களால் ஏற்க முடிவதில்லை. அவர் வருந்தவே கூடாது என்று நினைக்கும்வரை, உங்கள் முடிவின் சாவி அவர் கையில்தான் இருக்கும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. அப்பா சொன்னதற்கெல்லாம் எதிராகச் செய்பவர் தன் மனப்படி வாழ்வதாக நினைத்துக்கொள்கிறார். அப்பா பொறியியல் என்றால் இவர் கலை, அப்பா சாமி கும்பிட்டால் இவர் நாத்திகம். ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் அப்பாவின் விருப்பத்தை அறிந்து, அதைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது என்றால், அடங்கி நடக்கும் பிள்ளையைவிட இவர் எந்த விதத்தில் விடுபட்டவர்? துபாய்க்கோ பெங்களூருக்கோ போய், பொங்கலுக்கு மட்டும் போன் செய்வதையும் போவன் தீர்வாகக் கருதவில்லை. துண்டித்துக்கொண்டு போனவர் அதே பதற்றத்தை அடுத்த உறவுக்குள், பெரும்பாலும் தன் திருமணத்துக்குள், கொண்டுபோகிறார் என்றார் அவர். ஊர் தள்ளிப் போவது தவறில்லை; போனதாலேயே சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு.

ஒரே வாக்கியம்

சொல்லப்போவதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அது "நான்" என்று தொடங்க வேண்டும். நீங்கள் செய்யப்போவதை அல்லது செய்யாமலிருக்கப்போவதைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரின் குணத்தைப் பற்றி எதுவும் அதில் இருக்கக் கூடாது. "நீங்க எப்பப் பாத்தாலும் என்னை டார்ச்சர் பண்றீங்க" என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது வழக்குத் தொடங்கும் வாக்கியம். அதற்குப் பதில், இப்படி எழுதிப் பாருங்கள்:

"அம்மா, இந்த வரனை நான் பாக்கப் போறதில்ல. அடுத்த தை வரைக்கும் எந்த வரனும் பாக்க வேணாம்னு முடிவு பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வழக்கம்போல வீட்டுக்கு வரேன்."

இதில் மூன்றாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். முதல் இரண்டும் முடிவைச் சொல்கின்றன, மூன்றாவது உறவு தொடர்கிறது என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால், கேட்பவர் காதில் "நான் உங்களை விட்டுப் போகிறேன்" என்றுதான் விழும். பிறகு வரும் அழுகை வரனுக்காக வந்ததாக இருக்காது.

காரணங்களை அடுக்காதீர்கள். படித்தவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். காரணத்தை விளக்கிவிட்டால் ஒப்புக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் ஏழு காரணம் சொல்வார்கள். ஏழில் பலவீனமான ஒன்றை எதிராளி பிடித்துக்கொள்வார். பேச்சு முழுவதும் அதன் மேலேயே ஓடும். சாக்கு சொல்வது அதைவிட மோசம். "லீவு கிடைக்கல" என்றால், "உங்க மேனேஜர்கிட்ட நான் பேசட்டுமா?" என்ற பதில் வரும். "வர விருப்பமில்லை, தீபாவளிக்கு முந்தின நாள் வருவேன்" என்றால், வருத்தம் வரும், ஆனால் பேரம் வராது. வேண்டுமானால் ஒரு காரணம் சொல்லுங்கள், அதுவும் உண்மையானதாக இருக்கட்டும்.

எழுதியதை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது குரல் உயர்ந்தால் வாக்கியத்துக்குள் இன்னும் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. குரல் தேய்ந்து மறைந்தால் அதற்குள் மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சிறியதிலிருந்து

கல்யாணத்திலோ சொத்திலோ தொடங்காதீர்கள். ஒரு தூரத்து உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போவதில்லை என்று சொல்வது, ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை என்று சொல்வது, மூன்றாவது தோசையை மறுத்துவிட்டு இலையை மடிப்பது போன்ற சிறு விஷயங்கள் பழகிக்கொள்ள ஏற்றவை. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் தோசையை மறுத்து, "என் கையால சாப்பிடக்கூடப் பிடிக்கல" என்ற பதிலைக் கேட்டு, கோபப்படாமலும் தோசையைத் தின்றுவிடாமலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க முடிந்தவருக்குப் பெரிய விஷயங்களுக்கான பயிற்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நேரமும் இடமும் முக்கியம். துக்க வீடு, பண்டிகை நாள், விருந்தினர் இருக்கும் வேளை, ஓடும் கார், குடும்ப வாட்ஸ்அப் குழு ஆகியவை கூடவே கூடாது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து "உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு பேசணும்" என்று தொடங்கினாலே நம் வீடுகளில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். கீரை ஆயும்போதோ பூக்கட்டும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கைகொடுத்துக்கொண்டே சொல்வது எளிது. முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருவருக்கும் இருக்காது.

சொன்ன பிறகு: மூன்று கட்டம்

சொல்வதுதான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சொல்லிவிட்ட அடுத்த சில வாரங்கள் அதைவிடக் கடினமானவை. ஒருவர் தன் நிலையைத் தெளிவாகச் சொன்னதும் குடும்பம் காட்டும் எதிர்ப்பில் போவன் ஒரு வரிசையைக் கண்டார். முதலில் "நீ சொல்றது தப்பு" என்று வரும். அடுத்து "பழையபடி மாறிடு, நாங்க ஏத்துக்குறோம்" என்று வரும். அதற்கும் அசையாவிட்டால் "மாறலைன்னா என்ன நடக்கும் தெரியுமா" என்று வரும். இந்த வரிசை முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஒவ்வொன்றும் வரும்போது உறவே இடிந்து விழுகிறது என்று பதறாமல், அடுத்த கட்டம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கட்டத்தில் வரும் பேச்சுகள் நமக்குத் தெரிந்தவைதான். "உனக்கு யாரோ சொல்லிக் குடுக்குறாங்க", "நாலு எழுத்துப் படிச்ச திமிர்", "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க". இவற்றுக்கு மறுப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நிரூபிக்கப் புறப்பட்டால் விடியும்வரை நிரூபித்துக்கொண்டே இருக்கலாம். "உங்களுக்குக் கோவம் வரும்னு தெரியும்மா" என்று ஒப்புக்கொண்டு, எழுதிவைத்த வாக்கியத்தை அதே சொற்களில், அதே குரலில் இன்னொரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது போதும். புதிய சொற்கள் புதிய விவாதத்தைத் திறக்கும்.

இரண்டாம் கட்டத்தில்தான் பலர் விழுகிறார்கள், ஏனென்றால் அது இனிப்பாக வருகிறது. ஒரு வாரம் பேசாமல் இருந்த அம்மா திடீரென்று உங்களுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, "ஒரே ஒரு தடவை அந்தப் பையனைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிடேன், எனக்காக" என்பார். அந்தப் பாசம் பொய்யில்லை. குழம்பை மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், வரன் விஷயத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். குழம்புக்கு விலையாக முடிவைக் கொடுக்கவும் வேண்டாம், முடிவைக் காப்பாற்றக் குழம்பை ஒதுக்கவும் வேண்டாம்.

மூன்றாம் கட்டத்தில் பேச்சை நிறுத்துவது, சாப்பிடாமல் இருப்பது, சொத்தில் பங்கில்லை என்பது, பிபி மாத்திரையைப் போடாமல் விடுவது எல்லாம் வரலாம். மாத்திரையை விட்டால் அதை உடல்நல விஷயமாக மட்டும் பாருங்கள்: மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், மாத்திரையைத் தண்ணீரோடு கையில் கொடுங்கள், ஆனால் மாத்திரைக்கும் வரனுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். "செத்துப்போயிடுவேன்" என்ற பேச்சு வந்தால் வெறும் மிரட்டல் என்று ஒதுக்கவும் கூடாது, பயந்து முடிவை மாற்றவும் கூடாது. நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்தோ அதிக மாத்திரைகளோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலிமானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கிவரும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. சொன்னவர் உண்மையிலேயே உயிர்மேல் வெறுப்புற்றிருந்தால் அவருக்கு வேண்டியது சிகிச்சை. உங்கள் கல்யாணம் அதற்கு மருந்தாகாது.

இந்த வாரங்களில் ஏன் அசையக் கூடாது என்பதற்கு, உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பலன் தரும் பழக்கத்தைவிட, எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம் மறைய அதிகக் காலம் பிடிக்கும். ஒன்பது போன் அழைப்புக்கு அசையாமல் இருந்து பத்தாவதில் "சரி, வரேன்" என்று சொன்னால், பத்து முறை அழைத்தால்தான் இவன் வருவான் என்ற பாடத்தை நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். பலன் நின்றுபோனதும் அந்தப் பழக்கம் மறைவதற்கு முன் சிறிது காலம் முன்பைவிட உக்கிரமாக வெளிப்படுவதும் உண்டு. அதைப் பார்த்து, "நான் பேசினதால நிலைமை மோசமாயிடுச்சு" என்று பின்வாங்கிவிடுவார்கள்.

உங்கள் உடலையும் கவனித்துக்கொள்ள வேண்டும். தம்பதியரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்குப் பதறிய ஒருவரால் எதிரில் இருப்பவர் சொல்வதை உள்வாங்க முடிவதில்லை என்றும், அந்தப் பதற்றம் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். நெஞ்சு படபடக்கும்போது வாதாடி எதையும் சாதிக்க முடியாது. "எனக்கு இப்போ பேச வரல. அரை மணி நேரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கோ தெருமுனைக் கடைக்கோ போய்வாருங்கள். அங்கே நின்று "எவ்வளவு திமிரா பேசினாங்க" என்று மனத்துக்குள் மறுஒளிபரப்புச் செய்தால் 20 நிமிடமும் வீண். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது கட்டாயம். வராவிட்டால், நீங்களும் பேசாமலிருந்து தண்டிக்கிறீர்கள் என்றாகிவிடும்.

நடுவில் வருபவர்கள்

இருவருக்கிடையில் பதற்றம் ஏறினால் அது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுக்கும் என்பது போவன் கண்டவற்றில் மிக முக்கியமானது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தூது, பஞ்சாயத்து, கோள் என்று ஒவ்வொரு வகைக்கும் நம்மிடம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. வரன் வேண்டாம் என்று சொன்ன மூன்றாம் நாள் அத்தை போன் செய்வார். "உங்கம்மா சாப்பிடவே இல்ல தெரியுமா? நான் சொன்னேன்னு சொல்லாத." அவரிடம் உங்கள் தரப்பை விளக்கினால், அது சற்று உருமாறி அம்மாவிடம் போய்ச் சேரும். அவரிடம் எரிந்து விழுந்தால் அதுவும் போய்ச் சேரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா வருத்தத்துல இருக்காங்கன்னு தெரியும் அத்தை. நான் அவங்ககிட்டயே பேசிக்கிறேன். உங்க முட்டிவலி இப்போ எப்படி இருக்கு?" அதன் பிறகு உண்மையாகவே முட்டிவலியைப் பற்றிக் கேளுங்கள். அத்தையோடு உங்களுக்கு இருக்கும் உறவு அம்மாவின் வழக்கைச் சுமக்காமல் தனியாக நடக்க வேண்டும்.

நீங்களும் தூது விடக் கூடாது. "அப்பா, நீங்க அம்மாகிட்ட சொல்லுங்களேன்" என்பது சிறுவயது முதல் பழகிய வழி என்பதால் நாக்கு தானாக அங்கே போகும். கசப்பாக இருந்தாலும், உரியவரிடம் உரியவரே பேசுவது என்ற விதியை நீங்கள் முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

மாமியார், மருமகள், நடுவில் மகன் என்ற முக்கோணத்தில் மிக அதிகமாகக் கெட்டுப்போவது மகனுடைய சொல். அம்மாவிடம் "அவ வேணாங்கிறா" என்பார், மனைவியிடம் "அம்மா மனசு கஷ்டப்படும்" என்பார், தனக்கு என்ன வேண்டும் என்பதை இருவரிடமும் சொல்லமாட்டார். அவருக்கு இது சமாதான வேலையாகத் தோன்றும். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் வெறுப்பதற்கான காரணங்களை அவரே விநியோகித்துக்கொண்டிருப்பார். தனிக்குடித்தனம் போக இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தால், அம்மாவிடம் அவர் சொல்ல வேண்டியது: "அம்மா, ஆடி முடிஞ்சதும் நாங்க தனியா போறோம். இது என் முடிவும்தான். வாரம் ரெண்டு நாள் வருவேன்." இதில் "என் முடிவும்தான்" என்ற சொல்லை விழுங்கிவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு மருமகள்தான் குடும்பத்தைப் பிரித்தவள். மருமகள் தன் பங்குக்கு, கணவர் வழியாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்த சிறு விஷயங்களையாவது மாமியாரிடம் நேரடியாக, மரியாதை குறையாமல் பேசத் தொடங்கலாம்: "அத்தை, குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப் போறேன். டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க." மாமியாருக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் தன்னிடமே சொல்லப்பட்ட சொல் என்பதால், முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டார்கள் என்ற வலி அதில் இருக்காது.

போவன் இதைத் தன் சொந்தக் குடும்பத்திலேயே செய்துபார்த்தார். ஒருவரைப் பற்றி இன்னொருவர் தன்னிடம் சொன்ன கதைகளை உரியவரிடமே வெளிப்படையாகத் தெரிவித்து, எந்தப் பக்கமும் சேராமல் எல்லோரோடும் உறவில் இருக்க முயன்றதை, 1967-இல் குடும்ப சிகிச்சையாளர்களின் கூட்டத்தில் விவரித்தார். 1972-இல் அது அச்சேறியபோது ஆசிரியர் பெயர் போடப்படவில்லை. புதிதாகத் தொடங்கும் யாரும் அந்த அளவுக்குப் போக வேண்டாம். நம் ஊரில் கதைகளை உரியவரிடம் சேர்த்தால் அதற்கென்றே ஒரு தனிப் பஞ்சாயத்து கூடிவிடும்.

உறவைக் கைவிடாமல்

முடிவில் நிற்கும் காலத்தில், மற்ற கடமைகளை முன்பைவிட ஒழுங்காகச் செய்யுங்கள். மாதம் அனுப்பும் பணம் அதே தேதியில் அதே தொகையாகப் போக வேண்டும். கோபத்தில் நிறுத்துவதும், குற்றவுணர்வில் கூட்டுவதும் பணத்தைப் பேச்சாக்கிவிடும். வாரம் ஒரு முறை போன் செய்பவர் அதைத் தொடர வேண்டும், எதிர்முனையில் "ம்" என்ற பதில் மட்டுமே வந்தாலும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவை அதில் அடங்கும். அவர்கள் காட்டிய இடத்தில் தாலி கட்டும் கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் வைத்திருந்தால், "எங்களைக் கைவிட்டுட்ட" என்ற சொல் வரும்போது உங்கள் மனமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாது.

தூக்கம் கெட்டு, பசி போய், வேலையில் கவனம் சிதறும் அளவுக்குப் போனால் தனியாகச் சமாளிக்க முயலாதீர்கள். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே மாத்திரை எழுதிவிடுவார்களோ என்று அஞ்சிப் போகாமல் இருக்க வேண்டாம். ஆலோசகர் ஒருவர் முழுக் கதையையும் கேட்காமல் பத்து நிமிடத்தில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொன்னால், வேறொருவரைப் பாருங்கள். அதே பத்து நிமிடத்தில் "உறவை வெட்டிவிடுங்கள்" என்று சொல்பவரையும் அப்படியே.

மனம் மாறினால்

சொன்ன முடிவையே காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதில்லை. மாற்றிக்கொள்ள நேரும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவர்கள் அழாமல், அமைதியாக இதே செய்தியைச் சொல்லியிருந்தால் அப்போதும் மாற்றியிருப்பேனா? அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது, அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது புதிய செய்தி. தீபாவளிக்கு நாலு நாள் முன்பே போவதில்லை என்ற முடிவை அதற்காக மாற்றுவது இயல்பு. அம்மா பத்தாவது முறையாக அழுதார் என்பது புதிய செய்தி ஆகாது. குறைந்தது இரண்டு நாள் கழித்து, தூங்கி எழுந்த தெளிவில் மறுபடி யோசிக்கலாம். இரண்டில் எதுவானாலும், மாற்றியதை வாய்திறந்து சொல்லுங்கள்: "போன வாரம் வரலைன்னு சொன்னேன். அப்பா ஆபரேஷனுக்காக மாத்திக்கிட்டேன், புதன்கிழமையே வரேன். வரன் விஷயத்துல நான் சொன்னது அப்படியேதான் இருக்கு."